மாத்தளை மிளகும் 500 ரூபாய்த் தடையும்: மலையகத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2017 டிசம்பர் 6ஆம் திகதி இந்திய அரசு ஓர் அறிவித்தல் வெளியிட்டது. கிலோவுக்கு 500 இந்திய ரூபாய்க்குக் குறைந்த விலையில் மிளகு இனி இந்தியாவுக்குள் வர முடியாது என்பது அதன் சாரம். அன்றைய மாற்று விகிதத்தில் அது கிட்டத்தட்ட ஏழே முக்கால் அமெரிக்க டொலர். உலகச் சந்தையில் மிளகு அப்போது அதில் பாதி விலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் விதி இன்னும் இறுகி, அந்த விலைக்குக் கீழான இறக்குமதி முற்றாகத் தடை செய்யப்பட்டது.

இந்த விதியைக் கேட்டுப் போராடி வாங்கியவர்கள் தென்னிந்தியாவின் குடகு, வயநாடு, இடுக்கி மலைகளின் மிளகு விவசாயிகள். அது வந்து விழுந்த இடம் இலங்கையின் மாத்தளை, கண்டி, கேகாலை மலைகளின் மிளகு விவசாயிகளின் தலையில். ஒரே கொடியை நம்பி வாழும் இரண்டு மலை நாட்டு மக்கள் ஒருவருக்கெதிராக ஒருவர் நிறுத்தப்பட்டார்கள். இத்தனைக்கும் இரண்டு நாடுகளுக்கும் இடையில் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை ஒன்று பதினேழு ஆண்டுகளாக நடைமுறையில் இருந்தது.

அயல் நாடுகளின் வளரும் பிரதேசங்களுக்கு இடையிலான பொருளாதார ஒத்துழைப்பு என்று மாநாடுகளில் நிறையப் பேசப்படுகிறது. அந்த ஒத்துழைப்பு தரையில் எப்படி நடக்கிறது, எங்கே முறிகிறது என்று பார்க்க மிளகைவிட நல்ல உதாரணம் எங்கள் பக்கத்தில் இல்லை. உடன்படிக்கையில் இலங்கை விவசாயியின் பெயரில் கொடுக்கப்பட்ட சலுகை ஏன் அவர் கைக்கு வந்து சேரவில்லை, தண்டனை மட்டும் ஏன் தவறாமல் வந்து சேர்ந்தது என்பதே இந்த ஆய்வு கேட்கும் கேள்வி.

மலையும் மிளகும்

மலையகம் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது நுவரெலியாவும் ஹட்டனும் தேயிலையும். அந்த உயரத்தில் மிளகு சரிவராது, குளிர் அதிகம். மிளகு பிடிப்பது நடுமலை நாட்டில்: மாத்தளை, உக்குவளை, ரத்தொட்டை, கம்பளை, நாவலப்பிட்டி, கேகாலைப் பக்கம், பதுளையின் தாழ்வான சரிவுகள். இதே பகுதியில்தான் தேயிலைத் தோட்டங்கள் மிகவும் நலிந்து கிடக்கின்றன. நடுமலைத் தேயிலைக்குக் கொழும்பு ஏலத்தில் உயர்மலைத் தேயிலையின் மணமதிப்பும் இல்லை, தாழ்நிலத் தேயிலையின் விளைச்சலும் இல்லை. காடாகிப் போன மலைகளும் பாதி நாள் வேலையும் இங்கே பழகிப்போன காட்சி. ஆகவே சவுக்கு (சில்வர் ஓக்) மரத்திலும் முள்முருங்கையிலும் சீமைக்கிளுவைக் கம்பிலும் ஏறி நிற்கும் மிளகுக் கொடி, இந்தப் பகுதிக் குடும்பங்களுக்குப் பக்க வருமானம் என்பதைத் தாண்டி, கடன் அடைக்கும் காசு. பிள்ளையின் பாடசாலைச் செலவு.

கொடியின் ஊர்களையும் பாருங்கள். ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் இங்கே பரிந்துரைத்து வந்த வகைகளில் முக்கியமானது பன்னியூர்-1. அது கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துப் பன்னியூர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான கலப்பினம். இன்னொன்று கூச்சிங், மலேசியாவின் சரவாக்கிலிருந்து வந்தது. அப்புறம் நம் நாட்டிலேயே உருவான டிங்கிரால, கொஹுகும்புரே ரால போன்றவை. ஆக, அறிவும் நாற்றும் எல்லை கடந்து வந்து பல காலமாகிவிட்டது. கொடிக்கு வாடல் நோய் வந்தால் வயநாட்டிலும் அதே கிருமிதான், ரத்தொட்டையிலும் அதேதான்.

அறுவடையில் தொடங்கி விலை வரைக்கும் ஒரு மூட்டை மிளகின் பயணத்தைக் கொஞ்சம் கிட்டே நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் சலுகை நழுவிப் போவது இங்கேதான். மூன்று கிலோ பச்சை மிளகு பறித்தால் காய்ந்து ஒரு கிலோ தேறும். காம்பிலிருந்து உதிர்த்து, ஒன்றிரண்டு நிமிடம் சுடுநீரில் போட்டெடுத்துக் காயவைத்தால் ஒரே சீராகக் கறுக்கும். ஆனால் அறுவடைக் காலத்தில் மழையும் மூடுபனியும் சேர்ந்தே வரும். தறப்பாளை விரிப்பதும் சுருட்டுவதுமாகவே பகல் போய்விடும். சரியாகக் காயாத மிளகில் பூஞ்சணம் பிடிக்கும்.

கடைக்குக் கொண்டு போனால், வாங்குபவர் முதலில் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் உருட்டுவார். அப்புறம் ஒரு லீற்றர் அளவுப் பாத்திரத்தில் நிரப்பி, மேலே தட்டிவிட்டு, தராசில் வைப்பார். லீற்றர் 550 கிராம் நின்றால் முதல் தரம். முற்றாத காய் லேசாக இருக்கும், எடை நிற்காது, விலை இறங்கும். முற்றும்வரை காத்திருந்தால் நல்ல விலை வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் காத்திருக்கும் இரண்டு மாதத்தில் இரவோடு இரவாகத் திருட்டுப் போகலாம், வீட்டில் அவசரச் செலவும் வரலாம். அதனால் பாதி முற்றியதுமே பறித்துவிடுகிறார்கள். கடையில் எந்தத் தோட்டத்து மிளகு, யார் வீட்டு மிளகு என்று எழுதுவதில்லை. எல்லாம் ஒரே குவியலில் போய்ச் சேரும். இந்தக் குவியலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திரும்ப வேண்டியிருக்கும்.

அந்த முற்றாத மிளகுக்கும் ஒரு சந்தை உண்டு, அது பெரிய சந்தை. இலங்கை மிளகில் காரச் சத்தான பைப்பரினும் வாசனை எண்ணெயும் அதிகம். கேரளத்தின் சாறு எடுக்கும் தொழிற்சாலைகள் இதைத் தேடி வாங்கி, எண்ணெயும் ஒலியோரெசினும் (காரமும் மணமும் சேர்ந்த கெட்டிச் சாறு) எடுத்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் விற்கின்றன. நம் மிளகு ஏற்றுமதியின் பெரும்பங்கு இந்தியாவுக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். இங்கே விளைச்சல், அங்கே தொழிற்சாலை, மூன்றாவது நாட்டில் சந்தை. பிரதேச ஒத்துழைப்புக்குப் பாடப்புத்தகம் கேட்கும் எல்லாமும் இதில் இருக்கிறது. எந்த அமைச்சரும் திட்டமிடாமலே தானாக வளர்ந்த தொடர்பு இது.

உடன்படிக்கையும் ஓட்டையும்

இந்திய-இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 1998 டிசம்பர் 28ஆம் திகதி கைச்சாத்தாகி, 2000 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தெற்காசியாவில் அது ஒரு முன்னோடி முயற்சி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. சிறிய நாட்டுக்குக் கூடுதல் காலமும், சலுகை பொருந்தாத பொருட்களின் நீண்ட விலக்குப் பட்டியலும் கொடுக்கப்பட்டன: இந்தியாவின் விலக்குப் பட்டியலில் 429 பொருட்கள், இலங்கையினுடையதில் 1,180. தேயிலைக்கு ஆண்டுக்கு 150 இலட்சம் கிலோ வரை குறைந்த வரியில் கோட்டா. அந்தத் தேயிலைக் கோட்டா ஒருபோதும் பெரிதாகப் பயன்படவில்லை; இந்திய வீடுகளில் கொதிப்பது பெரும்பாலும் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிச் செய்யும் சிடிசி தூள், நம் மலையில் செய்வது பெரும்பாலும் பழைய முறை உருட்டுத் தேயிலை.

மிளகில் நிலைமை வேறு. 2017 அளவில் இந்த உடன்படிக்கையின் கீழ் 2,500 தொன் இலங்கை மிளகு வரியே இல்லாமல் இந்தியாவுக்குப் போகலாம். அதற்கு மேல் போவதற்குத் தெற்காசிய சுதந்திர வர்த்தக வலயமான சாப்டாவின் கீழ் 8 சதவீத வரிதான். அதே நேரத்தில் உலகின் மிகப்பெரிய மிளகு ஏற்றுமதியாளரான வியட்நாமிலிருந்து நேரடியாக இறக்கினால் வரி 50 சதவீதத்துக்கும் மேல்.

8க்கும் 50க்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பார்த்ததும் ஒரு வியாபாரிக்கு என்ன தோன்றும் என்று சொல்லத் தேவையில்லை. மலிவான வியட்நாம் மிளகு மீள் ஏற்றுமதி என்ற பெயரில் கொழும்புக்கு வந்தது. அதில் ஒரு பகுதி இலங்கை மிளகு என்ற தோற்றச் சான்றிதழோடு இந்தியத் துறைமுகங்களில் இறங்குகிறது என்று குடகிலும் கேரளத்திலும் குரல் எழுந்தது. உடன்படிக்கையின் விதி தெளிவானது: மிளகு போன்ற பயிர், விளைந்த நாட்டின் பொருளாக மட்டுமே சலுகை பெறலாம். ஆனால் விளைந்த இடத்தைக் காட்ட என்ன சாட்சி இருக்கிறது? துறைமுகத்தில் ஒரு தாள். அந்தத் தாளுக்குப் பின்னால் மாத்தளைக் கடையில் பார்த்த அந்தப் பெயரில்லாத குவியல். குவியலுக்குள் வியட்நாம் மிளகு கலந்தால் கண்டுபிடிக்க இலேசான வழி எதுவும் வைக்கப்படவில்லை.

இங்கே குடகு விவசாயிகளுக்கு நியாயமாக இருக்க வேண்டும். அவர்கள் கோபம் பொய்யல்ல. வியட்நாமின் சராசரி ஏற்றுமதி விலை 2015இல் கிலோ 9 டொலரைத் தாண்டி நின்றது; 2019 வரும்போது 3 டொலருக்கும் கீழே விழுந்துவிட்டது. வியட்நாமில் மிளகுப் பரப்பு அளவுக்கு மீறிப் பெருகியதுதான் அடிப்படைக் காரணம். விலை விழும் நேரத்தில் கொல்லைப்புற வாசல் ஒன்று திறந்து கிடந்தால் யாரும் அதை அடைக்கச் சொல்லத்தான் செய்வார்கள். அவர்கள் சங்கமாகத் திரண்டார்கள், டில்லி வரை போனார்கள், 500 ரூபாய்த் தடையைப் பெற்றார்கள்.

அதே காரணத்தால், மலையக மிளகு விலை விழுந்ததற்கு இந்தியத் தடை மட்டுமே பொறுப்பு என்று சொல்வதும் சரியல்ல. உலக விலையே சரிந்துகொண்டிருந்தது. ஆனால் சரிவு நேரத்தில் கைகொடுத்திருக்க வேண்டிய அயல் சந்தை சரியாக அந்த நேரத்தில் மூடப்பட்டது என்பது உண்மை. கலப்படம் செய்தவர் ஒருவர், சந்தை இழந்தவர் வேறொருவர்.

தடைக்குப் பிறகும் ஏமாற்று நிற்கவில்லை என்ற குற்றச்சாட்டு இந்திய விவசாயிகளிடமிருந்தே வந்தது: விலைச்சீட்டில் 500 ரூபாய் என்று கூட்டி எழுதிவிட்டு மலிவு மிளகையே கொண்டு வருகிறார்கள் என்றார்கள். பெரிய வியாபாரிக்குச் சீட்டை மாற்றி எழுதும் வசதி இருக்கிறது. ரத்தொட்டையில் இருபது கிலோ மிளகை சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றி வருபவருக்கு அந்த வசதி எங்கிருந்து வரும்?

2018இல் இந்தியா ஒரு விலக்குக் கொடுத்தது. மிளகைக் கொண்டுவந்து எண்ணெயோ ஒலியோரெசினோ எடுத்துத் திரும்ப ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகளுக்கு அந்தக் குறைந்தபட்ச விலை பொருந்தாது. தொழிற்சாலைகள் பேசின, வழி கிடைத்தது. இலங்கை அரசு 2019 இறுதியில் மிளகு, பாக்கு உள்ளிட்ட பொருட்களின் மீள் ஏற்றுமதியைத் தடை செய்தது. அது சரியான முடிவுதான், ஆனால் இரண்டு ஆண்டு பிந்திய முடிவு. அந்த முடிவை எடுக்கும்படி உள்நாட்டு விவசாயிகள் எவ்வளவோ முன்பே கேட்டிருந்தார்கள். அந்த இரண்டு ஆண்டுக்குள் விலை கிடைக்காமல் பறிக்காமலே விட்ட கொடிகள் எத்தனையோ.

ஏழு பேர்ச்சில் எத்தனை கொடி?

இந்த நிகழ்வில் மிளகு விவசாயி என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். நடுமலை நாட்டில் அவர் இரண்டு வகை. கிராமத்தில் காணி உள்ளவர் ஒருவர். தோட்டத்தில் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருப்பவர் இன்னொருவர். இரண்டாமவரின் நிலைதான் இந்த ஆய்வில் என்னை அதிகம் உறுத்துவது.

தோட்டத்துச் சவுக்கு மரத்தில் ஏறும் கொடி தோட்டத்துக்குச் சொந்தம். பறிப்பைக் குத்தகைக்கு விடும் வழக்கமும் உண்டு. குத்தகை எடுப்பது பெரும்பாலும் வெளி ஆள். தொழிலாளிக்குக் கிடைப்பது பறித்த கூலி. லயத்தைச் சுற்றியுள்ள துண்டு நிலத்தில் நாலு கொடி வைத்தாலும் அந்த நிலத்துக்கு உறுதி கிடையாது. பயிருக்கு அரச மானியம் கேட்டுப் போனால் காணி உரிமைத் தாள் கேட்பார்கள்.

இந்திய உதவியில் கட்டப்படும் தோட்ட வீடுகளோடு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி என்ற கணக்கு வந்தது. 2017 மே 12ஆம் திகதி நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர் மோடி, முன்பு தொடங்கிய 4,000 வீடுகளுக்கு மேல் இன்னும் 10,000 வீடுகள் அறிவித்தார். லயத்திலிருந்து தனி வீட்டுக்குப் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது லயத்தில் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் மிளகுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஏழு பேர்ச் என்பது சுமார் 177 சதுர மீற்றர். 550 சதுர அடி வீடு அதில் 51 சதுர மீற்றரை எடுத்துக்கொள்ளும். மலசலகூடம், பாதை, மண்சரிவுக்கு விட்ட ஓரம், கான் எல்லாம் போக, திணைக்களம் சொல்லும் எட்டடிக்கு எட்டடி இடைவெளியில் பதினைந்து கொடி நட்டால் பெரிது. கொடிக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் காய்ந்த மிளகு என்றாலும் ஆண்டுக்கு இருபது கிலோ பக்கம். வீட்டுக்கு உதவும், வாழ்வாதாரம் ஆகாது. ஒரு நாடு வீடு கட்டிக் கொடுக்கிறது, அதே நாடு அந்த வீட்டுக்காரர் விற்கக்கூடிய பொருளுக்குக் கதவடைக்கிறது, இரண்டும் ஒரே ஆண்டில் நடக்கிறது. வீட்டுத் திட்டத்தைப் பார்த்தவர்களும் மிளகுக் கோப்பைப் பார்த்தவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்கும்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1964 அக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையக மக்களை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. போனவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள்தான் டான்டீ. நீலகிரியின் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களில் நம் சொந்தக்காரர்கள் குடியேறினார்கள். கூடலூர் வயநாட்டை ஒட்டிய ஊர். அங்கேயும் சவுக்கு மரத்தில் மிளகு ஏறுகிறது. ஆக, 500 ரூபாய்த் தடையின் இரண்டு பக்கமும் ஒரே குடும்பத்து ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பேச ஒரே மொழி இருக்கிறது. இவ்வளவு இருந்தும் மிளகைப் பற்றி இந்த இரண்டு மலைகளும் நேரடியாகப் பேசிக்கொள்ள ஒரு மேடை இல்லை.

பேச முடியாத பிரதேசங்கள்

மேடை இல்லாததற்குக் காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 2022இல் நம் நாடு நொடிந்தபோது தமிழ்நாடு 40,000 தொன் அரிசியும் 500 தொன் பால்மாவும் மருந்தும் அனுப்ப முன்வந்தது. அதற்கு முதலில் ஏப்ரல் 29ஆம் திகதி சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு மத்திய அரசின் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. வெளிநாட்டோடு தொடர்பு டில்லியின் அதிகாரம். அனுமதி வந்து, மே 18ஆம் திகதி முதல் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. அந்த அரிசி தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது; அந்த நேரத்தில் அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை மலையகம் மறக்காது. உதவி அனுப்பவே இத்தனை படி ஏற வேண்டுமென்றால், வியாபாரம் பேச மாநிலத்துக்கு எங்கே இடம்? நம் பக்கம் இன்னும் மோசம். 2019 இறுதியிலிருந்து ஒன்பது மாகாண சபைகளும் தெரிவான உறுப்பினர்கள் இல்லாமல் ஆளுநர்களின் கையில் கிடந்தன. மத்திய மாகாணத்தின் சார்பில் பேச ஆளே இல்லாத காலம் அது.

இது இப்படித்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 1993இல் இந்தோனேசியாவும் மலேசியாவும் தாய்லாந்தும் சேர்ந்து தொடங்கிய வளர்ச்சி முக்கோணத்தில் சுமாத்திராவின் மாகாணங்களும் வட மலேசிய மாநிலங்களும் தென் தாய்லாந்து மாகாணங்களும் நேரடி உறுப்பினர்கள். அவற்றின் முதலமைச்சர்களுக்கும் ஆளுநர்களுக்கும் தனிக் கூட்டமே உண்டு. இந்திய-வங்காளதேச எல்லையில் 2011இல் மேகாலயாவின் காலாய்ச்சரில் திறந்த எல்லைச் சந்தையில் சுற்றியுள்ள கிராமத்தவர் தங்கள் விளைபொருளை வரியில்லாமல் விற்க முடிந்தது. நமக்கு நடுவில் கடல் இருப்பதால் சந்தையை அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் சிறு உற்பத்தியாளரைக் கண்ணில் வைத்து விதி எழுதலாம் என்பதற்கு அது சாட்சி. மிளகுக்கென்றே ஜகார்த்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச மிளகுச் சமூகமும் இருக்கிறது. இந்தியா, இலங்கை, வியட்நாம் மூன்றுமே அதில் உறுப்பினர்கள். அரசுகள் சந்திக்கும் இடம் இருக்கிறது. விவசாயிகள் சந்திக்கும் இடம்தான் இல்லை.

இனி

இந்தியாவோடு புதிய பொருளாதார, தொழில்நுட்ப உடன்படிக்கைக்கான பேச்சு 2016இல் தொடங்கி, நின்று, 2023 இறுதியில் மீண்டும் தொடங்கியது. அந்தப் பேச்சில் கோட்டாவைக் கூட்டச் சொல்லிக் கேட்பதோடு நின்றால் பழைய கதையே திரும்பும். கோட்டா யாருடைய மிளகால் நிரம்புகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. வரியில்லாத அந்த 2,500 தொன்னில் ஒரு பங்கைப் பதிவு செய்த சிறு விவசாயிகள் சங்கங்களுக்கென்று ஒதுக்கலாம். தோற்றச் சான்றிதழைத் துறைமுகத்தில் தொடங்காமல் கொள்முதல் இடத்திலேயே தொடங்கலாம்: எந்தச் சங்கம், எந்த ஊர், எந்த மாத அறுவடை, லீற்றர் எடை எவ்வளவு என்று மூட்டைக்கு ஒரு சீட்டு. சந்தேகம் வந்தால் இந்தியச் சுங்கம் அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு ரத்தொட்டை வரை வர முடியும். குடகு விவசாயியும் இதை எதிர்க்கப் போவதில்லை; அவர் சண்டை வியட்நாம் மிளகோடு, நம்மோடு அல்ல.

பதிவுக்குக் காணி உறுதி கேட்கக் கூடாது. பயிர் இருப்பதைக் கிராம சேவகரோ தோட்ட நிர்வாகமோ உறுதி செய்தால் போதும் என்று விதி இருக்க வேண்டும். இல்லையென்றால் லயத்துக் குடும்பம் இந்தத் திட்டத்துக்கும் வெளியேதான் நிற்கும். இதைச் செய்ய டில்லியின் அனுமதி வேண்டாம், கொழும்பில் ஒரு சுற்றறிக்கை போதும். கைவிடப்பட்ட தேயிலை மலைகளில் மிளகு நட்டுப் பராமரிக்கத் தொழிலாளர் குழுக்களுக்கு நீண்ட காலக் குத்தகை கொடுப்பதும் அப்படித்தான், இங்கேயே முடிவெடுக்கக்கூடியது. இந்த இரண்டும் இல்லாமல் எல்லை தாண்டிய எந்தச் சலுகையும் ஏழு பேர்ச்சுக்குள் அடங்கிவிடும்.

கோழிக்கோட்டில் இந்திய வாசனைப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, மாத்தளையில் நம் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வாடல் நோய்க்கு இரண்டும் தனித்தனியாக மருந்து தேடிக்கொண்டிருக்கின்றன. வயநாட்டிலிருந்தும் கூடலூரிலிருந்தும் சில விவசாயிகள் இங்கே வந்து கொடி பார்க்கட்டும், இங்கிருந்து சிலர் அங்கே போகட்டும். தமிழ் தெரிந்த விரிவாக்க அலுவலர்களை மாத்தளையில் கூடுதலாக நியமித்தால் தோட்டங்களுக்கும் அந்தப் பாடம் போய்ச் சேரும். மூட்டைச் சீட்டைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு, உக்குவளையிலும் ரத்தொட்டையிலும் இரண்டு சங்கங்களில் அடுத்த அறுவடைக்கே சோதித்துப் பார்க்கலாம். அதற்கு ஒரு தராசும் ஒரு ஈரப்பதமானியும் கணக்கு எழுத ஒருவரும் இருந்தால் தொடங்கிவிடலாம்.